ஓவியம் தீட்டிய கொசுவலை

தென்காசியின் பழைய தெரு ஒன்றில் பகல் வேளையில் நடந்து பாருங்கள். திண்ணையை ஒட்டிய ஜன்னல்களில் கீழ்க்கதவுகள் இரண்டும் சாத்தியிருக்கும். மேற்கதவுகள் மட்டும் திறந்திருக்கும். சில வீடுகளில் ஸ்பிரிங் கம்பியில் கோத்த பாதித் திரை தொங்கும். காரணம் நீங்கள் அறிந்ததே. தெருவில் போகிறவர் கண் வீட்டுக்குள் விழக்கூடாது.

ஆனால் இதற்குக் கொடுக்கும் விலையை எண்ணிப் பார்த்தீர்களா? ஆனி, ஆடி மாதங்களில் ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் குளிர்ந்த காற்று மேற்கதவு வழியாக நுழைந்து, தரையில் அமர்ந்து படிக்கும் பிள்ளையின் தலைக்கு மேலே போய்விடுகிறது. வெளிச்சமும் அப்படியே. பார்வையைத் தடுக்கப் போய், காற்றையும் ஒளியையும் சேர்த்துத் தடுத்துவிடுகிறோம். சித்திரை வெயிலில் இந்த நஷ்டம் இன்னும் பெரிது.

காற்றை விட்டுப் பார்வையை மட்டும் தடுக்க வழி உண்டா? உண்டு. அமெரிக்காவில் பால்ட்டிமோர் என்னும் துறைமுக நகரில், காய்கறிக் கடைக்காரர் ஒருவர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே அதைச் செய்து காட்டினார். அவர் பெயர் வில்லியம் ஆக்டவெக். இன்றைய செக் நாட்டின் பகுதியான பொஹிமியாவிலிருந்து குடியேறியவர். 1913ஆம் ஆண்டுக் கோடையில், கடை வாசலில் பரப்பிய காய்கள் வெயிலில் வாடின. அவற்றை உள்ளே எடுத்து வைத்துவிட்டு, கடைக் கதவின் கம்பி வலையில் காய்களையும் பழங்களையும் வண்ணத்தில் தீட்டி வைத்தார். விளம்பரத்துக்காகச் செய்த வேலைதான். ஆனால் அந்த வலை வழியே வெளியிலிருந்து கடைக்குள் பார்க்க முடியவில்லை. உள்ளிருந்து தெரு முழுவதும் தெரிந்தது!

பால்ட்டிமோரில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாக நிற்கும். முன்னறை ஜன்னல் நடைபாதையை ஒட்டியே இருக்கும். நம் ஊர்ச் சங்கடமேதான். அக்கம்பக்கத்தார் தங்கள் ஜன்னல் வலைகளுக்கும் படம் கேட்டனர். சிவப்புக் கூரை வீடு, அதன் முன்னே குளம், குளத்தில் அன்னங்கள் என்னும் காட்சி தெருத்தெருவாகப் பரவியது. கம்பி வலையில் படம் தீட்டுவது அதற்கு முன் 19ஆம் நூற்றாண்டிலும் இருந்ததுதான். ஆனால் ஒரு நகரத்து எளிய மக்களின் கலையாக அது வளர்ந்தது இங்கேதான்.

இனி விஷயத்துக்கு வருவோம். வலை ஒன்றே, ஒரு பக்கம் மறைக்கிறது, மறு பக்கம் காட்டுகிறது. எப்படி?

சாதாரணக் கொசுவலையில் ஓர் அங்குல நீளத்தில் ஒரு திசையில் 18 கண்களும் மறு திசையில் 16 கண்களும் இருக்கும். கம்பியின் தடிமன் கால் மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். கணக்கிட்டால், வலையின் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கம்பி. மீதி இரண்டு பங்கு வெறும் துளை. வண்ணம் ஒட்டுவது அந்த ஒரு பங்கில்தான்.

பகலில் நிழலான தெருவில் ஒளியின் அளவு 10,000 லக்ஸ் இருக்கலாம். ஜன்னலிலிருந்து சற்றுத் தள்ளி, வீட்டுக்குள் 100 லக்ஸ் என்று வைத்துக்கொள்வோம். (அறை உங்களுக்கு அவ்வளவு இருட்டாகத் தோன்றாது, நம் கண் அதற்கேற்பப் பழகிக்கொள்ளும்.) வெளிர் வண்ணமும் அறையின் சுவரும், தம்மேல் விழும் ஒளியில் பாதியைத் திருப்பி அனுப்புவதாகக் கொள்வோம். தெருவில் நிற்பவர் கண்ணுக்கு வண்ணக் கம்பியிலிருந்து வருவது, 10,000இல் பாதியில் மூன்றில் ஒரு பங்கு. அதாவது சுமார் 1,667. அறையிலிருந்து துளை வழியே வருவது, 100இல் பாதியில் மூன்றில் இரண்டு பங்கு, சுமார் 33. ஐம்பது மடங்கு வித்தியாசம்! திருவிழாக் கூட்டத்தில் ரகசியம் பேசினால் யாருக்குக் கேட்கும்? அறையின் மங்கிய ஒளி படத்தின் ஒளியில் அப்படி அமுங்கிப் போகிறது.

உள்ளே இருப்பவருக்குக் கணக்கு தலைகீழ். வலையின் உட்புறம் கறுப்பாக இருந்தால் கம்பியிலிருந்து அவர் கண்ணுக்கு வரும் ஒளி இரண்டு மூன்று பங்குக்கு மேல் இராது. துளை வழியே தெருவிலிருந்து வருவதோ 3,000க்கும் அதிகம். மேலும், தூரத்தில் போகும் வண்டியைப் பார்க்கக் கண் குவியும்போது, அருகிலுள்ள கம்பிகள் கலங்கி மறைகின்றன. அதே கம்பிகள் வெளியே நாலைந்து மீட்டர் தள்ளி நிற்பவருக்குத் தனித்தனியே தெரியாமல் ஒன்றாகக் கலந்து முழுப்படமாகின்றன. அந்தத் தூரத்தில் இவ்வளவு நெருக்கமான கம்பிகளைப் பிரித்தறியும் திறன் நம் கண்ணுக்கு இல்லை.

நமக்கும் இது முற்றிலும் புதிதல்ல. கோயில்களில் கல்லில் துளையிட்ட பலகணிகளைப் பார்த்திருப்பீர்கள். வராந்தாவில் தொங்கும் மூங்கில் தட்டியில் மயிலோ பிள்ளையாரோ தீட்டியிருப்பார்கள். அவற்றிலும் வேலை செய்வது இதே விதிதான். ஆனால் தட்டியின் இடைவெளி குறுகியது. காற்று வலையில் வருவதுபோல் தாராளமாக வராது.

பால்ட்டிமோரில் ஆக்டவெக் 1922இல் ஓவியக் கடை ஒன்றைத் திறந்து, வலையோவியத்தைப் பிறருக்கும் கற்பித்தார். அவரிடம் சிறுவயதில் பயின்றவர்களில் ஒருவர் ஜானி எக். உடலின் கீழ்ப்பாதி வளராமலே பிறந்த அவர், திரைப்பட நடிகராகவும் வலையோவியராகவும் பெயர் பெற்றார். பின்னர் குளிர்சாதனப் பெட்டிகள் வந்தன. ஜன்னல்கள் மூடின, வலைகள் கழன்றன, ஓவியர்களும் முதுமை எய்தினர். 1985இல் இக்கலையைக் காக்க அந்நகரில் ஒரு சங்கம் அமைந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு வலையையும் தூரிகையையும் கொடுத்துக் கற்பிப்பது அதன் பணிகளில் ஒன்று.

தென்காசி, குற்றாலம் வட்டாரப் பள்ளிகளில் இதைச் செய்வது கடினமல்ல. ஓவிய ஆசிரியரும் அறிவியல் ஆசிரியரும் ஒரே மணி நேரத்தில் சேர்ந்து எடுக்கக்கூடிய பாடங்கள் மிகச் சில. இது அவற்றில் ஒன்று.

கறுப்பு அல்லது கரும்பச்சை நைலான் வலையை ஒரு மரச்சட்டத்தில் இழுத்து ஆணியடியுங்கள். பளபளக்கும் அலுமினிய வலை வேண்டாம். உட்புறமும் ஒளியைத் திருப்பும். வரைந்த தாளை வலைக்கு அடியில் வைத்தால் கோடுகள் துளை வழியே தெரியும். சுண்ணாம்புக் கட்டியால் வலைமேல் அடையாளம் செய்துகொண்டு தாளை எடுத்துவிடுங்கள். பிள்ளைகளுக்கு நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணமே நல்லது. பழைய எனாமல் டப்பாக்களைத் தேடி எடுக்க வேண்டாம். அவற்றில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டு வண்ணங்களில் ஈயத்தின் அளவுக்கு 90 பிபிஎம் என்ற வரம்பு இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது.

வண்ணத்தில் தண்ணீர் அதிகம் சேர்க்காதீர்கள். தூரிகையை ஒருமுறை துணியில் ஒற்றிவிட்டு, கம்பியின் மேல் மட்டும் படும்படி இழுங்கள். துளை அடைத்துக்கொண்டால் உடனே ஊதுங்கள். போகாவிட்டால் ஊசியால் குத்தி எடுங்கள். பிள்ளைகள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான்: படம் அழகாக வர வேண்டுமென்று அப்பி அப்பித் தீட்டுவார்கள். துளை அடைந்த வலை பலகைக்குச் சமம். காற்றும் வராது, தெருவும் தெரியாது.

என்ன படம்? நடராசரை ஓவிய வடிவில் வழிபடும் சித்திர சபை குற்றாலத்தில் இருக்கிறது. அதன் சுவர்களை ஒருமுறை பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஆனால் அந்த மெல்லிய கோடுகள் வலையில் நிற்கமாட்டா. ஒன்றரை மில்லிமீட்டருக்கு ஒரு கம்பி என்னும்போது, கண் இமையைத் தீட்ட இடம் ஏது? ஐந்தருவி பொருத்தமானது. வெள்ளை அருவி நிறைய ஒளியைத் திருப்பும், நன்றாக மறைக்கும். கறுத்த யானை வேண்டாம். கறுப்பு ஒளியை விழுங்குவதால், யானையின் வயிறு வழியே உங்கள் வீட்டுக் கட்டில் மங்கலாகத் தெரிந்துவிடும்!

ஜன்னலில் மாட்டுமுன் வகுப்பில் ஒரு சோதனை. செருப்பு அட்டைப்பெட்டி ஒன்றின் ஒரு பக்கத்தை வெட்டி, தீட்டிய வலைத்துண்டை ஒட்டுங்கள். உள்ளே ஒரு பொம்மையை வைத்து மூடி, மரநிழலில் வைத்துப் பாருங்கள். படம் தெரியும், பொம்மை தெரியாது. பின்பக்கத்தில் சிறு துளையிட்டுக் கண்ணை வைத்தால் மைதானம் தெரியும். பிறகு பெட்டியை இருண்ட அறைக்குக் கொண்டு சென்று உள்ளே ஒரு டார்ச் விளக்கை ஏற்றுங்கள். படம் மறைந்து, பொம்மை பளிச்சென்று வெளிப்படும்.

இந்தக் கடைசிச் சோதனையை ஆசிரியர்கள் விட்டுவிடக் கூடாது. இரவில் அறை விளக்கு 100 லக்ஸ், தெருவிளக்கு 10 லக்ஸ் என்றால் கணக்கு திரும்பிவிடுகிறது. அறையிலிருந்து வரும் ஒளி படத்தினுடையதைப் போல் இருபது மடங்காகும். பகலில் மறைத்த வலையை நம்பி இரவில் உடை மாற்றும் ஒரு பெண்பிள்ளைக்கு இதை யாராவது முன்பே சொல்லியிருக்க வேண்டும். விளக்கேற்றும் நேரம் வந்ததும் பழைய திரையை இழுத்துவிடத்தான் வேண்டும்.

குற்றாலத்துக்கென்று இன்னொரு விஷயமும் உண்டு. சாரல் வலையில் பட்டால் துளிகள் கண்களில் சவ்வுபோல் படிந்து நிற்கும். நீரின் பரப்பு இழுவிசைதான் காரணம். வண்ணம் ஏறிய கம்பி சற்றுத் தடித்திருப்பதால் கண்கள் குறுகி, சவ்வு எளிதில் உடையாது, காற்று நின்றுவிடும். ஆகவே சன்ஷேடு உள்ள ஜன்னலாகப் பார்த்து மாட்டுங்கள். நனைந்துவிட்டால் சட்டத்தை இரண்டு தட்டுத் தட்டினால் போதும், நீர் உதிர்ந்துவிடும்.