விளக்கொளியும் வெயிலும்



பகலில் பறித்த கொழுந்து இரவெல்லாம் வாடும். விடியுமுன்னரே அரைக்கும் வேலை தொடங்கிவிடும். லயங்கள் இருளில் அமிழ்ந்திருக்க, தொழிற்சாலையின் யன்னல்கள் மட்டும் வரிசையாக ஒளிவிடும். பதுளை, பசறைத் தோட்டங்களில் வாழ்வோர் அறிந்த காட்சி இது. இதைப் போன்றதொரு காட்சியை 1782-83ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் தீட்டியவர் ஜோசப் ரைற். 1734இல் டேர்பி நகரில் பிறந்த ஓவியர்.

ஆரம்பத்தில் இவருக்குப் புகழ் தேடித் தந்தது இரவுதான். 1768இல் வரைந்த ஓவியமொன்றில் கண்ணாடிக் கோளத்தினுள் ஒரு பறவை மூச்சுக்குத் தவிக்கிறது. காற்றை வெளியேற்றி விஞ்ஞானச் சோதனை நடத்துகிறார் ஒருவர். சூழ நிற்போரின் வியப்பும் அச்சமும் ஒற்றை விளக்கொளியில் தெரிகின்றன. ஒளி ஓரிடத்திலிருந்தே வருவதால், நாம் எதைப் பார்க்க வேண்டும் என்பதை ஓவியரே தீர்மானிக்கிறார்.

1773 முதல் 1775 வரை ரைற் இத்தாலியில் இருந்தார். வெசூவியஸ் எரிமலையின் செந்தணல் அவரைக் கவர்ந்தது. அந்நாட்டுக் கடற்கரையின் வெயிலும் கவர்ந்தது. நாடு திரும்பியபின் டேர்பிப் பிரதேசத்துப் பள்ளத்தாக்குகளும் பாறைகளும் பகலொளியில் அவரது திரைகளுக்கு வரலாயின. இரவை அவர் முற்றாகக் கைவிடவில்லை. ஆனால் பகல் வேறொரு பயிற்சியைக் கேட்டது. வெயில் பாரபட்சமின்றி எங்கும் விழுவது. அதில் தூரத்தைக் காட்ட இருள் உதவாது. காற்றின் நிறம்தான் உதவும். தொலைவில் நமுனுகுல மலை நீலமாய்த் தெரிவதும் இதனாலேயே.

குரொம்போர்ட்டில் ஆர்க்ரைற் 1771இல் நிறுவிய பஞ்சாலையை ரைற் இரவிலும் வரைந்தார், பின்னர் பகலிலும் வரைந்தார். இரவில் அது நிலவோடு போட்டியிடும் அதிசய மாளிகை. பகலில் பள்ளத்தாக்கிலுள்ள ஒரு கட்டடம், அவ்வளவே. அந்த யன்னல்கள் இரவில் ஒளிர்ந்ததன் காரணம் எளிது: பன்னிரண்டு மணிநேர முறைகளாக, பெண்களும் சிறுவர்களும் உள்ளே உழைத்தார்கள். இரண்டு ஓவியங்களிலும் அவர்கள் இல்லை.

மலையகத்தை வரைவோரும் எழுதுவோரும் இதைச் சிந்திக்க வேண்டும். பச்சைச் சரிவின் பகலழகும் தொழிற்சாலையின் இரவழகும் உண்மைதான். அழகு எந்த ஒளியில் இருந்தாலும், கொழுந்து பறித்த கை அதில் தெரிகிறதா என்று கேட்பதே நமது இரசனையின் முதற்கடன்.