தகப்பனார் விட்டுச் சென்ற சொத்து

வாணியம்பாடி, தோல் பதனிடும் ஊர். கடைத்தெருவில் தமிழும் உருதுவும் கலந்து காதில் விழும். அங்கே இஸ்லாமியா கல்லூரியில் 1961 முதல் சுமார் 30 ஆண்டுகள் தமிழ் கற்பித்தவர், "கவிக்கோ" அப்துல் ரகுமான்.

பிறந்தது மதுரையில், 1937-ல். தகப்பனார் சையத் அகமத், "மஹி" என்ற பெயரில் உருதுக் கவிதை எழுதியவர். பாட்டனாரும் உருதுக் கவிஞர்தான்!

மகனோ தமிழில் பாடினார். அப்படியானால் குடும்பச் சொத்து கைநழுவிப் போயிற்றா?

இல்லை. உருதுவில் "கஜல்" என்று ஒரு பாட்டு வகை உண்டு. இரண்டிரண்டு அடியாக வரும். பெரும்பாலும் காதலைச் சொல்லும். தகப்பனார் மொழியின் அந்தச் செல்வத்தைத் தமிழுக்குக் கொண்டு வந்தார் மகன். "மின்மினிகளால் ஒரு கடிதம்" முழுக்க முழுக்க கஜல்தான்.

"ஆலாபனை" நூலுக்காக 1999-ல் சாகித்ய அகாடமி பரிசு பெற்ற கவிக்கோ, 2017 ஜூன் 2-ந் தேதி காலமானார். அப்போது அவருக்கு வயது 79.