செல்ஃப் மோட்டார் மீது வீண்பழி

சாவியைத் திருப்பினால் இன்ஜின் உறுமாமல் 'டக் டக் டக்' என்று சத்தம் மட்டும் வருகிறது. உடனே "செல்ஃப் போச்சு" என்று மோட்டாரைக் கழற்றச் சொல்லிவிடுகிறார்கள். பல நேரம் மோட்டார் நிரபராதி, வோல்டேஜ்தான் குற்றவாளி.

நன்றாகச் சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பேட்டரி, வண்டி சும்மா நிற்கும்போது 12.6 காட்டும். 12.2 காட்டினால் ஏறக்குறைய பாதி காலி. ஆனால் செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும்போதுதான் பேட்டரியின் உண்மையான வண்டவாளம் தெரியும். அப்போது 9.6-க்குக் கீழே சரிந்தால் அதைச் சந்தேகிக்கலாம்.

அந்த 'டக் டக்' சாலினாய்டு என்ற காந்த சுவிட்சின் சத்தம். அதன் காந்தம் இழுத்து கான்டாக்ட்டைச் சேர்த்ததும் மோட்டாருக்குக் கரண்ட் பாய்கிறது, வோல்டேஜ் சரிகிறது, காந்தம் பிடியை விடுகிறது. சுமை போனதும் பேட்டரி கொஞ்சம் தலைதூக்க, காந்தம் மறுபடி இழுக்கிறது. ஒவ்வொரு முறையும் கான்டாக்ட்டில் தீப்பொறி பறந்து செம்பு கருகும். விடாமல் சாவியைத் திருகினால் நல்ல செல்ஃபும் கெட்டுப்போகும்.

லோ வோல்டேஜில் மோட்டார் அதிகக் கரண்ட் இழுத்து எரியும் என்பது வீட்டுத் தண்ணீர் மோட்டாரில் நாம் பட்ட பாடு. காரில் இருப்பவை பெரும்பாலும் டிசி மோட்டார்கள்; கதை வேறு. வோல்டேஜ் குறைந்தால் அவை மெதுவாகச் சுற்றும், அவ்வளவே. வைப்பர் தள்ளாடும், ரேடியேட்டர் ஃபேன் சோம்பினால் டிராஃபிக்கில் இன்ஜின் சூடு ஏறும். சுற்றுகிற மோட்டார் தனக்குள் எதிர் வோல்டேஜை உண்டாக்கி, வரும் கரண்டைக் கட்டுப்படுத்திக்கொள்ளும். அடியோடு நின்றுவிட்டால் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. வருகிற கரண்டெல்லாம் சூடாக மாறும். அதனால், பவர் விண்டோ கண்ணாடி பாதியில் சிக்கி நிற்கும்போது சுவிட்சை அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள்.

பேட்டரி புதிதாக இருந்தும் வண்டி முரண்டு பிடிக்கிறதா? டெர்மினலைப் பாருங்கள். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும் அந்தப் பொடி 0.01 ஓம் தடை கொடுத்தாலே போதும், 150 ஆம்பியர் ஓடும்போது 1.5 வோல்ட் அங்கேயே கரைந்துவிடும். வெந்நீரும் கம்பி பிரஷும் போதும். செலவு என்று ஒன்றுமில்லை.

ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பிப் பாருங்கள். வெளிச்சம் அடியோடு மங்கினால் முதலில் பேட்டரியையும் டெர்மினலையும் கவனியுங்கள். வெளிச்சம் குறையாமல் ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டால், அப்போது மோட்டாரைக் கழற்றலாம்.