எந்திரவியல் அறிவும் உயிர் காக்கும் ஆராய்ச்சியும்

பொறியியலும் மருத்துவமும் நம் கல்விக்கூடங்களில் நெடுங்காலமாகத் தனித்தனித் துறைகளாகவே கற்பிக்கப்பட்டு வந்துள்ளன. ஆயினும், விபத்தில் எலும்பு முறிவதும் மூளை சேதமுறுவதும் விசை, வேகம், ஆற்றல் ஆகியவற்றின் விளைவுகளே. இவ்விரு துறைகளின் சந்திப்பில் தமது வாழ்நாள் பணியை அமைத்துக் கொண்டவர், தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியராக விளங்கிய தினேஷ் மோகன்.

கல்வியும் தொடக்க ஆய்வும்

பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் எந்திரப் பொறியியல் பட்டம் பெற்ற அவர், அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக் கழகத்தில் மேற்படிப்பை முடித்து, மிச்சிகன் பல்கலைக் கழகத்தில் உயிர்ப் பொறியியலில் டாக்டர் பட்டம் பெற்றார். கார் மோதல்களில் இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி கிழிந்து பலர் இறக்கின்றனர். அத்தமனியின் திசு எவ்வளவு இழுவிசையைத் தாங்கும் என்பதை, உலோகத்தைச் சோதிப்பது போலவே சோதித்து அவர் ஆராய்ந்தார். இம்முடிவுகள் 1982, 1983ஆம் ஆண்டுகளில் வெளியாயின.

நம் நாட்டுப் பிரச்சினைகள்

1970களின் இறுதியில் தாயகம் திரும்பிய அவர், தில்லிக் கழகமும் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகமும் இணைந்து 1971இல் தொடங்கிய உயிர் மருத்துவப் பொறியியல் மையத்தில் பணியாற்றினார். மேலை நாடுகளின் ஆராய்ச்சி பெரும்பாலும் காருக்குள் இருப்பவரைக் காப்பதற்கானது. நம் சாலைகளிலோ பாதசாரிகளும் சைக்கிள், ஸ்கூட்டர் ஓட்டுவோரும் மிகுதி. இவர்களுக்கு இருக்கை வார் பயன்படாது; தலைக்கவசமும் வேகக் கட்டுப்பாடுமே துணை.

இதற்கான காரணம் எளியது. வாகனத்தின் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டரிலிருந்து 60 கிலோமீட்டராகும்போது அதன் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகிறது. தலைக்கவசத்தின் உட்புற நுரைப்பகுதி நசுங்கி அந்த ஆற்றலில் ஒரு பகுதியை ஏற்கிறது. தலை நின்றுபோகும் நேரம் நீள்வதால் மூளையைத் தாக்கும் விசை குறைகிறது.

கிராமங்களையும் அவரது ஆய்வு விட்டு வைக்கவில்லை. வட இந்தியாவில் தீவனம் நறுக்கும் எந்திரங்களில் உழவர்களும், விளையாட்டாக அவற்றைச் சுழற்றும் குழந்தைகளும் விரல்களை இழந்து வந்தனர். எச்சரிக்கையாக இருங்கள் என்று அறிவுரை கூறுவதோடு நில்லாமல், வெட்டுக் கத்திக்கு மறைப்பும், பயன்படுத்தாத வேளையில் சக்கரம் சுழலாதிருக்கப் பூட்டும் அமைக்கும் வழிகளை அவரும் உடன் பணியாற்றியோரும் வகுத்தனர். மனிதன் தவறு செய்யக்கூடியவன். அத்தவறு உயிரையோ உறுப்பையோ பறிக்காதவாறு கருவியை அமைப்பது பொறியாளரின் கடமை என்பதே இம்முறையின் சாரம்.

கொள்கையும் நடைமுறையும்

2004இல் உலகச் சுகாதார நிறுவனமும் உலக வங்கியும் வெளியிட்ட சாலை விபத்துக் காயத் தடுப்பு அறிக்கையின் பதிப்பாசிரியர்களுள் அவரும் ஒருவர். 2021ஆம் ஆண்டு மே மாதம் அவர் காலமானார். அதற்கடுத்த 2022இல் நம் நாட்டுச் சாலை விபத்துக்களில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. இறந்தோரில் ஏறத்தாழ 44 சதவீதத்தினர் இரு சக்கர வாகனங்களில் சென்றவர்கள்.

இந்த எண்ணிக்கையைக் குறைக்கும் பொறுப்பு மருத்துவமனைகளை மட்டும் சார்ந்ததன்று. சாலையை வடிவமைக்கும் பொறியாளரும், வேக வரம்பை நிர்ணயிக்கும் அதிகாரியும், எந்திரத்தின் தரத்தைச் சோதிப்பவரும் இதில் பங்குடையவர்கள். துறைகளின் எல்லையைக் கடந்து கற்கும் மாணவர்களைப் பல்கலைக் கழகங்கள் ஊக்குவிப்பின், அவர்தம் அறிவு பல குடும்பங்களைத் துயரிலிருந்து காக்கும்.