இடைவெளிகள் எழுதும் எண் வரிசை

ஒரு பேப்பர் எடுத்து 1, 3, 7, 12, 18, 26, 35 என்று எழுதிக்கோங்க. அடுத்து என்ன வரும்?

பக்கத்துப் பக்கத்து எண்களைக் கழிச்சுப் பாருங்க. 2, 4, 5, 6, 8, 9. இதுல 1, 3, 7 மூணும் இல்லை. அதெல்லாம் எங்கே? மேல் வரிசையிலேயே இருக்கு!

இதுதான் விதி. மேல் வரிசையில் இல்லாத எண்கள் எல்லாம், சின்னதிலிருந்து ஒவ்வொன்றாக, வித்தியாசமாக வரணும். டக்ளஸ் ஹாஃப்ஸ்டாட்டர் 1979-இல் வெளிவந்த ‘கோடெல், எஷர், பாக்’ புத்தகத்தில் இதை விளக்குகிறார். ஓவியத்தில் உருவமும் பின்னணியும் ஒன்றையொன்று வரையறுப்பது போல.

இங்கே ஒரு சந்தேகம் வரும். வரிசை வேணும்னா வித்தியாசம் தெரியணும், வித்தியாசம் வேணும்னா வரிசை தெரியணும். கோழியா முட்டையா கதைதானே?

இல்லை. 35 வரை எழுதியாச்சு. இரண்டு வரிசையிலும் இன்னும் வராத மிகச் சின்ன எண் 10. அதைக் கூட்டினா 45. அடுத்து 11, அதனால் 56. 12 ஏற்கெனவே மேலே இருக்கு. அதைத் தாண்டி 13, அதனால் 69.

நாம கூட்டுற 10 பின்னாடி மேல் வரிசையில் வந்துடாதா? வராது. 35-உடன் 10 கூட்டினா வருவது 10-ஐ விடப் பெரிசு. அதற்குப் பிறகு வருபவை இன்னும் பெரிசு. அதனால் ஒவ்வொரு படியிலும் தேவையான தகவல் நம்ம கையில் ஏற்கெனவே இருக்கு.

தன்னைத்தானே சுட்டுற எல்லா விதியும் சுழலில் மாட்டிக்கணும்னு இல்லை. ஒவ்வொரு படியும் முன்னால் முடிவானதை மட்டும் கேட்டால் போதும். இங்கே 1 முதல் எந்த எண்ணும் விடுபடாது, இரண்டு தடவையும் வராது.