குடிநோயாளர் கூடும் இடம்

ஊரை விட்டு வந்து பிற மாநிலங்களில் குடித்தனம் நடத்தும் நம் தமிழ்க் குடும்பங்களில் சில துன்பங்கள் வெளியே சொல்லப்படுவதில்லை. அவற்றுள் குடி முதன்மையானது. சம்பள நாளன்று கணவர் எந்நிலையில் வீடு திரும்புவாரோ என்று கதவோரம் காத்திருந்த பெண்மணி, மறுநாள் சங்க விழாவில் புன்முறுவலோடு அமர்ந்திருப்பார். சொந்த ஊராயின் தாய்மாமனோ பெரியப்பாவோ வந்து இரண்டு வார்த்தை கண்டிப்பர். இங்கே யார் உளர்? அண்டை வீட்டுத் தமிழர் அறிந்தால் அடுத்த வாரமே செய்தி ஊரை எட்டிவிடும் என்னும் அச்சம் வேறு. பெண்ணுக்கு வரன் பார்க்கும் வீடாயின் கேட்கவே வேண்டாம்.

குடியின் கேட்டை எடுத்துரைப்பதில் தமிழர் குறை வைத்தவரல்லர். வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். ராஜாஜி திருச்செங்கோட்டு ஆசிரமத்திலிருந்து ‘விமோசனம்’ என்ற மதுவிலக்குப் பத்திரிகையை நடத்தினார். கல்கி அதில் அவருக்குத் துணை நின்றார். 1937 ஆம் ஆண்டில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கும் வந்தது. ஆயினும், கேட்டை நன்கறிந்தும் விட இயலாது தவிப்பவனுக்கு மேலும் ஓர் உபதேசத்தால் ஆவதென்ன? அத்தகையோருக்கென உள்ள ஓர் ஏற்பாட்டைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

1935 ஆம் ஆண்டு மே மாதம், நியூயார்க்கைச் சேர்ந்த பில் வில்சன் என்னும் பங்குத் தரகர் ஒரு வியாபாரத்திற்காக அமெரிக்காவின் அக்ரன் நகருக்குச் சென்றார். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. வியாபாரம் முறிந்தது, கையில் பணமில்லை, அயலூர் விடுதியில் தனிமை, அருகிலேயே மதுக்கூடம். தம்மைப் போன்ற வேறொரு குடிநோயாளியோடு பேசினாலன்றித் தப்ப இயலாது என்று உணர்ந்து, தொலைபேசியில் பலரை அழைத்துத் தேடினார். அவ்வாறு கிடைத்தவர் பாப் ஸ்மித் என்னும் அறுவை மருத்துவர். இருவரும் பல மணி நேரம் பேசினர். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அந்த மருத்துவரும் குடியை விட்டார். இதுவே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., தோன்றிய வரலாறு. அயலூரில் தனித்து நின்ற ஒருவரால் இது தொடங்கியது என்பதை நம் வாசகர்கள் எளிதில் உணர்வர்.

1957 இல் இவ்வியக்கம் இந்தியாவில் காலூன்றியது. அதன் நாட்டளாவிய அலுவலகம் மும்பையில் உள்ளது. பெருநகரங்கள் யாவற்றிலும் குழுக்கள் உண்டு. ஊர்வாரியான பட்டியலை அவர்களுடைய இணையதளத்தில் காணலாம். மத்திய அரசின் கட்டணமில்லா உதவி எண் 14446 ஐ அழைத்துச் சிகிச்சை நிலையங்களைப் பற்றியும் கேட்டறியலாம். ஒன்று முக்கியம்: பல்லாண்டுகள் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பும் சித்தப் பிரமையும் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே அத்தகையோர் முதலில் மருத்துவரை அணுகவேண்டும். கூட்டம் மருந்துக்கு மாற்று அன்று.

குடிநோயாளர் அல்லாதாரும் வரக்கூடிய திறந்த கூட்டம் ஒன்றிற்கு நாமும் சென்றிருந்தோம். ஒரு பள்ளிக்கூட அறை. இருபதுக்கும் குறைவான நாற்காலிகள். சுவரில் பன்னிரண்டு படிகள் எழுதிய பலகை. சிறு பிரார்த்தனைக்குப்பின் ஒருவர் எழுந்து, தம் பெயரைக் கூறி, “நான் ஒரு குடிநோயாளி” என்று தொடங்கினார். எவரும் குறுக்கே பேசவில்லை, அறிவுரை கூறவில்லை, அடுத்தவர் தம் கதையைத் தொடங்கினார். அங்கு கேட்டவற்றை வெளியே சொல்லலாகாது என்பது அவர்கள் வழக்கம். ஆதலின் இங்கும் எழுதோம். ஆயின் ஒன்று சொல்லலாம்: நம்மை எந்த ஊர், என்ன சாதி, எந்த அலுவலகம் என்று எவரும் வினவவில்லை. தமிழர் கூடும் இடங்களில் இது அபூர்வமே!

உறுப்பினர் பதிவேடு இல்லை. ஆதலின் மேலதிகாரிக்குத் தெரியுமோ, வேலைக்கு ஊறு வருமோ என்னும் கவலைக்கு இடமில்லை. சந்தாவும் இல்லை, வாடகைக்கும் தேநீருக்கும் ஒரு பை சுற்றி வரும், விரும்பியதைப் போடலாம், போடாமலும் இருக்கலாம். குடியை விடவேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி. முதல் நாளில் வாய் திறக்க வேண்டுமென்பதும் இல்லை. சில கூட்டங்கள் மாதாகோவில் அறைகளில் நடப்பதால் மதமாற்றமோ என்று ஐயுறுவோர் உளர். அவர்கள் கொடுப்பது இடவாடகை மட்டுமே. கடவுள் என்னும் சொல் அங்கே வழங்குகிறது, உண்மை. அதற்கு அவரவர் பொருள் கொள்ளலாம்.

மொழிதான் நமக்குள்ள இடர். வடநாட்டில் பெரும்பாலும் இந்தியிலோ ஆங்கிலத்திலோ அவ்வூர் மொழியிலோ பேசுவர். வேலைக்குப் போதுமான இந்தி, மனத்திலுள்ளதைக் கொட்டப் போதாது. 2020 ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக்குப்பின் கைப்பேசி வழியே நடக்கும் கூட்டங்கள் பெருகியுள்ளன; தமிழ்நாட்டுக் குழுக்களை விசாரித்தால் தமிழிலேயே கலந்துகொள்ள வழி கிட்டும். எனினும் உள்ளூர்க் கூட்டத்தையும் விடலாகாது என்பது நம் எண்ணம். இரவு பத்து மணிக்குக் கால் தானே கடைப்பக்கம் திரும்பும்பொழுது, அழைத்தவுடன் நடந்து வரக்கூடியவர் உள்ளூரில் இருப்பவரே. மாற்றலாகி வேறு நகரம் செல்வோர் மூட்டை கட்டுமுன்பே அங்குள்ள கூட்டத்தின் நாளையும் நேரத்தையும் குறித்துக்கொள்வது நலம்.

குடிப்பவர் வர மறுத்தால் வீட்டார் என் செய்வது? அவர்களுக்கென 1951 இல் தோன்றிய அல்-அனான் என்னும் தனி அமைப்பு உண்டு. பதின்வயதுப் பிள்ளைகளுக்கு அலாட்டீன். கணவர் குடியை விட்டாலும் விடாவிட்டாலும் மனைவி அங்கே செல்லலாம். அவருடைய அனுமதி வேண்டியதில்லை. தனியே செல்லத் தயங்கும் சகோதரிகள் முன்னதாகத் தொலைபேசியில் சொல்லிவைத்தால், முதல் நாள் வாயிலில் காத்திருந்து அழைத்துச் செல்ல ஒரு பெண்மணியை ஏற்பாடு செய்யுமாறு கேட்கலாம்.