காற்று ஏற்றும் கடல்

கடற்கரை நகரமென்றால் ஓதம் நாளுக்கு இருமுறை ஏறி இறங்குவது நியதி என்று எண்ணும் நமக்கு, 1703-இல் மகா பீட்டர் சதுப்பு நிலத்தில் பிடிவாதமாக ஸ்தாபித்த செயின்ட் பீட்டர்ஸ்பர்க் துறைமுகத்தில், சந்திரனுடைய ஆகர்ஷணம் நீரைச் சில அங்குலங்களே உயர்த்துகிறது என்பது விசித்திரமாகத் தோன்றும். டென்மார்க்கை ஒட்டிய குறுகிய ஜலசந்திகள் வழியாகவே வெளிச் சமுத்திரத்தோடு தொடர்புடைய பால்டிக் கடலுக்குள் அட்லாண்டிக்கின் ஓதம் வலுவிழந்தே நுழைகிறது.

ஆயினும் அந்நகரம் நிம்மதியாக உறங்கியதில்லை; சந்திரன் செய்யாததைக் காற்று செய்துவிடுகிறது. இலையுதிர் காலத்தில் பால்டிக்கைக் கடந்து வரும் புயல்கள் எழுப்பும் நீண்ட அலை, கிழக்கே செல்லச் செல்லக் குறுகி ஆழமும் குறையும் பின்லாந்து வளைகுடாவில் அகப்பட்டு, போக்கிடமின்றி உயர்ந்து, நேவா நதியின் முகத்துவாரத்தை வந்து அடைக்க, மேல்காற்றும் கூடச் சேர்ந்துகொள்ள, சில மணி நேரத்தில் வீதிகளில் நீர் புகுந்துவிடும். 1824 நவம்பரில் வழக்கமான மட்டத்துக்கு மேல் நான்கு மீட்டருக்கும் அதிகமாக எழுந்த பிரவாகமே அவற்றுள் பெரிது. புஷ்கின் தம் 'வெண்கலக் குதிரைவீரன்' காவியத்துக்குக் கருவாகக் கொண்டது அதைத்தான்.

வளைகுடாவின் குறுக்கே சுமார் 25 கிலோமீட்டர் நீளத்துக்கு நிர்மாணித்த தடுப்பணை 2011-இல் பூர்த்தியாயிற்று. இப்போது புயல் எச்சரிக்கை வந்ததும் அதன் கதவுகள் மூடிக்கொள்ள, கப்பல்கள் காத்து நிற்கின்றன.